இடது குழல் வெடிக்கவில்லை: நீலகிரியில் ஒரு புதுத் துப்பாக்கியின் நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதம். விடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நஞ்சநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) கேரட் போட்டிருக்கும் என் நண்பர், நாய் குரைத்த விதத்தை வைத்தே பன்றி இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு துப்பாக்கியோடு தோட்டத்துக்குப் போனார். பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல், குழலுக்கு ஒரு விசை. வாங்கி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. முன் விசையை இழுத்து வலது குழலை வானத்தைப் பார்த்து வெடித்தார். கூட்டம் கலைந்து கீழ்ப் பாத்திகளில் இறங்கி ஓடியது. ஒரு ஆண் பன்றி மட்டும் ஓடவில்லை. திரும்பி இவரை நோக்கி வந்தது. பின் விசையை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம் வந்தது, வெடி வரவில்லை.

அடுத்த பாத்திக்கு உருண்டு விழுந்ததால் தப்பித்தார். முழங்காலில் ஏழு தையல். மறுநாள் பார்க்கப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் பூட்டிய பீரோவைக் கைகாட்டி, "பன்றி மேல எனக்குக் கோபம் இல்லை அண்ணா, அது அதோட வேலையைப் பார்த்தது. இது ஏன் பார்க்கலை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஐந்து மாதக் கதைதான் இது. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் பிடித்தே பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் இருக்கிறேன். துப்பாக்கியைச் செய்தவர் யார், விற்ற கடை எது என்று எழுதப்போவதில்லை. ஒரே ஒரு துப்பாக்கியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு துப்பாக்கிக்குள் என்ன நடந்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லலாம்.

இந்தத் துப்பாக்கிக்கு என்ன வேலை

மலையில் இதை இன்னும் வேட்டைத் துப்பாக்கி என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மட்டும்தான் மிச்சம். வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1877-ல் ஊட்டியில் ஒரு சங்கமும், 1879-ல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமும் வந்தன. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் போனது. பயிரை நாசம் செய்யும் பன்றியைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் மட்டும் என்றுதான் சொன்னது. ஆக, லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தத் துப்பாக்கி சத்தம் எழுப்பி விரட்டும் கருவி. பன்றி, கரடி, காட்டெருமை எதுவானாலும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, தேவைப்பட்டால் இன்னொன்று.

வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முறைதான் வெடிக்கும். அந்தப் பத்துப் பதினைந்தும் இருட்டில், குளிரில், விலங்கு பக்கத்தில் இருக்கும்போது வெடிக்க வேண்டும். சுடுதளத்தில் நூறு நூறாகச் சுடும் துப்பாக்கியைவிட இதற்குத்தான் நம்பகம் கூடுதலாகத் தேவை என்பது என் எண்ணம்.

தோட்டா மேல் விழுந்த பழி

இது முதல் தடவை அல்ல. மூன்று வருடத்தில் அவர் வெடித்தது 38 தோட்டா. வாங்கிய கணக்கு லைசென்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இடது குழலுக்குப் போனது 14. அந்த 14-ல் 5 வெடிக்கவில்லை. வலது குழல் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. இரண்டாவது மிஸ் ஃபயர் ஆனபோதே சமவெளியில் இருக்கும் கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் இடது குழலில் நான்கு தோட்டா வெடித்துக் காட்டினார்கள். நான்கும் வெடித்தன. "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, ஊட்டி ஈரத்துல தோட்டா நமத்துப்போயிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு இல்லை. காகித உறை தோட்டா இருந்த காலத்தில் மழைக்கால ஈரத்தில் உறை ஊதிக் குழலுக்குள்ளேயே போகாது. இப்போது பிளாஸ்டிக் உறை வந்துவிட்டாலும் பின்னால் இருக்கும் கேப் வழியாக ஈரம் இறங்க வாய்ப்பு உண்டு. துப்பாக்கியின் ஊசி குத்தியதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் கேப். அதனால் முதலில் தோட்டாவைத்தான் பார்த்தோம்.

வெடிக்காத ஐந்தில் மூன்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். மற்ற இரண்டை ஓடையில் வீசிவிட்டதாகச் சொன்னார். அதற்கு அவரைக் கடிந்துகொண்டேன். இன்னொன்றுக்கும் கடிந்துகொண்டேன்: டக் என்று சத்தம் வந்ததுமே துப்பாக்கியை மடக்கி, அதாவது குழலைக் கீழே சாய்த்துத் திறந்து, தோட்டாவை வெளியே எடுப்பது அவர் வழக்கம். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். மடக்கிய துப்பாக்கியில், மூடாத குழலில் அது வெடித்தால் பித்தளை அடிப்பாகம் முகத்துக்கு வரும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். பன்றி எதிரே நிற்கும்போது அது நடக்கிற காரியமா என்று கேட்டார். நடக்காதுதான். அந்த நேரத்தில் மனிதனால் செய்ய முடியாததை அவன்மேல் சுமத்தாமல் இருக்கத்தான் துப்பாக்கி ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்த மூன்று தோட்டாவின் கேப்பையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசி குத்திய குழி மூன்றிலும் ஆழமில்லாமல் இருந்தது. நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்திருந்தது. குழியின் ஒரு விளிம்பு செங்குத்தாக, மறு விளிம்பு சரிவாக. நேராக இறங்கிய ஊசி இப்படிக் குத்தாது. வலது குழலில் வெடித்த காலி உறைகளில் குழி வட்டமாக, நட்டநடுவில், ஆழமாக இருந்தது.

அப்புறம் அந்த மூன்றையும் அவருடைய அப்பாவின் பழைய துப்பாக்கியில் போட்டு வெடித்தார். அந்தத் துப்பாக்கிக்கு அறை (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி) நீளம் 65 மில்லிமீட்டர். நல்லவேளை, தோட்டாவும் 65. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அந்த அளவு வெடித்து விரிந்த உறையின் நீளம். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் எதையும் போடக் கூடாது.

மூன்றும் வெடித்தன. தோட்டா குற்றவாளி இல்லை என்று நண்பர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை. ஒருமுறை குத்து வாங்கிய கேப் இரண்டாவது குத்தில் வெடிப்பது சகஜம். ஆனால் குழியின் வடிவம் என்னைத் தோட்டாவிலிருந்து துப்பாக்கி பக்கம் திருப்பிவிட்டது.

கடையில் வெடித்துக் காட்டிய அந்த நான்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குழல் ஏழு முறைக்கு ஒருமுறை தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தொடர்ந்து நான்கு முறை சரியாக வெடிக்க வாய்ப்பு நூற்றுக்கு 54. இருபதுக்கு ஒருமுறை தவறும் குழல் என்றால் நூற்றுக்கு 81. அதாவது நான்கு தோட்டா சோதனை மோசமான துப்பாக்கியையே பாதிக்குமேல் "நல்லது" என்று விட்டுவிடும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தவறாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 300 தோட்டா ஒரு தவறுமில்லாமல் வெடிக்க வேண்டும். நண்பரின் லைசென்ஸில் வருடத்துக்கு 50 தோட்டா. அவர் தன் துப்பாக்கியைச் சோதித்து முடிக்க ஆறு வருடம் ஆகும், நடுவில் ஒரு பன்றியும் வராவிட்டால். வாங்குபவரால் செய்யவே முடியாத சோதனை இது. செய்பவர்தான் செய்தாக வேண்டும்.

செம்புத் தகடு

உள்ளே நடப்பது இவ்வளவுதான். துப்பாக்கியை மடக்கும்போது உள்ளே இருக்கும் சுத்தி பின்னால் தள்ளப்பட்டு, ஸ்பிரிங் இறுகி, ஒரு சின்னக் கொக்கியில் மாட்டி நிற்கும். சியர் என்பார்கள். விசையை இழுத்தால் கொக்கி விலகும். சுத்தி பாய்ந்து ஊசியை அடிக்கும். ஊசி ஒரு துளை வழியாக வெளியே வந்து கேப்பைக் குத்தும். பர்மிங்காமில் ஆன்சனும் டீலியும் 1875-ல் காப்புரிமை வாங்கிய பாக்ஸ்லாக் அமைப்பிலிருந்து இன்றைய இரட்டைக்குழல் பெரிதாக விலகவில்லை. நூற்றைம்பது வருடமாக எல்லாருக்கும் தெரிந்த அமைப்பு. புதுமையில் வந்த கோளாறு என்று சொல்லித் தப்ப வழியில்லை.

குத்தின் பலத்தை அளக்க, மருந்தும் கேப்பும் இல்லாத டம்மி தோட்டாவில் கேப் இருக்க வேண்டிய இடத்தில் மென்மையான செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் புதுத் தகடு. பிறகு குழியின் ஆழத்தை டயல் கேஜில் பார்க்க வேண்டியதுதான். துப்பாக்கி முழு நேரமும் நண்பரின் கையில்தான் இருந்தது. லைசென்ஸ் அவர் பெயரில், விசையை இழுத்ததும் அவர்தான்.

வலது குழலில் பத்துக் குத்து. எல்லாம் 0.55-லிருந்து 0.60 மில்லிமீட்டருக்குள். இடது குழலில் பத்துக் குத்து. 0.34, 0.47, 0.41, 0.30 என்று ஏறி இறங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்த பெரியவர் சராசரியைப் பார்க்கவே விடமாட்டார், "சிதறலைப் பாரு" என்பார். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் எல்லாக் குத்தும் ஒரே மாதிரி குறைவாக இருக்கும். இப்படிச் சிதறினால் எங்கோ எதுவோ உரசுகிறது, பிடித்து விடுகிறது என்று அர்த்தம்.

உறைபனி இரவு

வெடிக்காத ஐந்தில் நான்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நடந்தவை. கடையில் வெடித்துக் காட்டியது சமவெளியின் மத்தியான வெயிலில். இதை நண்பர் யோசிக்கவே இல்லை. சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்.

பனி விழும் என்று தெரிந்த ஒரு இரவு, தோட்டா இல்லாத துப்பாக்கியைத் திண்ணையில் திறந்தவெளியில் வைத்தோம். துப்பாக்கியைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதால் அவரும் நானும் கணப்புச் சட்டியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கம்பளியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். விடியும்போது புல் வெள்ளையாக இருந்தது. இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. அப்போதே பத்துத் தகடு குத்தினோம். வலது குழலில் கிட்டத்தட்ட பழைய ஆழம்தான். இடது குழலில் ஒன்றுகூட 0.35-ஐத் தாண்டவில்லை. இரண்டு 0.22. பதினொரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு திரும்பக் குத்தினால் பழையபடி 0.40-க்கு வந்தது.

குளிரில் எது மாறும்? எஃகு இந்த அளவு மாறாது. கிரீஸ் மாறும்.

கோயம்புத்தூரில் துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் உள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் கொண்டுபோனோம். நாங்களே பிரித்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. துப்பாக்கியைப் பிரித்துக் கைவைப்பது உரிமம் உள்ளவர் வேலை, அது சட்டத்துக்காக மட்டும் இல்லை. பெரியவர் இடது ஊசியை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் தேன் நிறத்தில் கெட்டியான பசை. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் பேக்கிங் கிரீஸ், ஊசித் துளையில் அடைத்தது அடைத்தபடி இருந்தது. பசைக்குள் மினுக் மினுக்கென்று ஏதோ. லென்ஸில் பார்த்தால் எஃகுச் சுருள்கள். துளை போட்டபோது விழுந்த சீவல், கழுவப்படாமலே கிரீஸில் சிக்கி மூன்று வருடம் ஊசியோடு போய் வந்திருக்கிறது. ஊசியின் ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீறல். துளையே லேசாகச் சாய்ந்திருந்தது. கேப்பில் குழி ஓரமாக விழுந்ததற்கு விடை கிடைத்தது.

மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டு, மறுபடியும் ஒரு பனி இரவு உட்கார்ந்தோம். விடியற்காலை அளவு 0.40-லிருந்து 0.45. வெயிலிலும் அதேதான். குளிரின் பங்கு போய்விட்டது. ஆனால் வலது குழலின் 0.55 இன்னும் எட்டவில்லை.

மிச்சத்துக்கு இரண்டு காரணம். ஒன்று சாய்ந்த துளையின் உரசல். இன்னொன்று தோட்டாவின் அடி விளிம்பு உட்காரும் பள்ளம். இடது குழலில் இந்தப் பள்ளம் வலதைவிட 0.2 மில்லிமீட்டர் ஆழமாக இருந்தது, ஒரு தபால் அட்டையின் தடிமன். அந்த இடைவெளியில் தோட்டா முன்னும் பின்னும் அசையும். வலது குழல் முதலில் வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். இடது குழலில் காத்திருக்கும் தோட்டா இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது பள்ளத்தில் முன்னால் நகர்ந்துவிடும். பிறகு வரும் ஊசி அந்தத் தபால் அட்டைத் தூரத்தை வெட்டியாக ஓடி, மீதி பலத்தில்தான் குத்தும். நண்பரின் ஐந்து மிஸ் ஃபயரும் இரண்டாவது வெடியில் நடந்தவை என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கிரீஸ் மட்டும் இருந்தால் வெடித்திருக்கும். துளை மட்டும் சாய்ந்திருந்தால் வெடித்திருக்கும். பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தால் அதுவும் வெடித்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றையும் ஒரு பரிசோதகர் "போகட்டும்" என்று விட்டிருப்பார். மூன்றும் ஒரே குழலில், பனிக்கால விடியலில், இரண்டாவது வெடியில் சேர்ந்தபோதுதான் டக் என்ற சத்தம் வந்தது.

வலது குழல்

இதோடு ஆய்வு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பெரியவர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் முன், டம்மி போட்டு வலது விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திரும்ப இழுத்தார். நண்பரைப் பார்த்து, "இவ்வளவு லேசா இருக்கக் கூடாதுங்க" என்றார்.

நண்பருக்கு அந்த விசை ரொம்பப் பிடிக்கும். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி என்பார். கடையில் அதைக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள். ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தோம். இப்படிப்பட்ட துப்பாக்கியில் விசை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இழுக்க வைக்க வேண்டும். இது 900 கிராமில் விட்டது.

பெரியவர் மேசையில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டார். துப்பாக்கியை மூடி, சேஃப்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினார். ரப்பர் சுத்தியலால் கட்டையின் அடியில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் டக் என்றது. விசையில் யாருடைய விரலும் இல்லை. வலது சுத்தி தானாக விழுந்திருந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. இரட்டைக்குழலில் பொதுவாக சேஃப்டி என்பது விசையை மட்டும் பூட்டும். சுத்தியைப் பிடித்திருக்கும் கொக்கியைப் பூட்டாது. கொக்கி நழுவினால் சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்கும். நண்பர் மெதுவாகச் சொன்னார், "பையன் டார்ச் பிடிச்சுட்டு எனக்கு முன்னாடிதான் நடப்பான் அண்ணா."

மூன்று வருடமாக அவர் நம்பியது வலது குழலை. பயந்தது இடதை. வெடிக்காத குழலால் அவருக்கு ஏழு தையல். ஒருநாள் ஈரப் பாத்தியில் வழுக்கி உட்கார்ந்திருந்தால், அந்த நல்ல குழல் என்ன செய்திருக்கும் என்பதை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கொக்கியைக் கழற்றி லென்ஸில் பார்த்தோம். முனை கூர்மையாக இருக்க வேண்டிய இடம் மழுங்கி வட்டமாகியிருந்தது. பெரியவர் ஒரு பழைய அரத்தை எடுத்தார். நன்றாகக் கடினப்படுத்திய எஃகில் அரம் பிடிக்காது, கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும். இடது குழலின் கொக்கியில் வழுக்கியது. வலது கொக்கியில் முதல் இழுப்பிலேயே பிடித்து, துணியில் சாம்பல் நிறத் தூள் விழுந்தது. வெப்பப் பதம் ஏறாத, அல்லது அரைகுறையாக ஏறிய உறுப்பு. புதிதில் சரியாகவே நின்றிருக்கும். ஒவ்வொரு முறை மடக்கி மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, விசை நாளுக்கு நாள் இன்னும் "வெண்ணெய்" ஆகியிருக்கிறது.

முத்திரை எதைச் சொல்கிறது

"முத்திரை குத்தித்தானே விற்கிறாங்க, சர்க்கார் சோதனை முடிஞ்சுதானே வருது?" என்று நண்பர் கேட்டார். பலரும் கேட்பது இது.

துப்பாக்கிக் குழலில் இருக்கும் சோதனை முத்திரைக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் துப்பாக்கிச் செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போன காலத்தில் பிறந்த சோதனை இது, இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: இது தாங்குமா? ஐரோப்பிய விதிப்படி சாதாரண பன்னிரண்டு போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். சோதனைத் தோட்டா அந்த 740-ஐவிடக் கால் பங்காவது கூடுதலாக அழுத்தும். குழல் உப்பாமல், பூட்டு தளராமல் நின்றால் முத்திரை.

நண்பரின் துப்பாக்கி அதில் நியாயமாகவே தேறியது. குழலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 200-வது முறையும் வெடிக்குமா, சொல்லாமல் வெடிக்காதா என்ற இரண்டு கேள்வியையும் முத்திரை கேட்பதில்லை. அவை தொழிற்சாலைக்குள் நடக்க வேண்டிய வேலை.

இது ஒரு நாட்டுக் கோளாறு இல்லை. அமெரிக்காவின் ரெமிங்டன் 870, 1950-ல் வந்து 2009-க்குள் ஒரு கோடிக்கு மேல் விற்ற துப்பாக்கி. நம்பகத்துக்கு அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அதன் மலிவு வகையிலேயே பிற்காலத்தில் அறையின் உட்பக்கம் கரடாக இருந்து காலி உறை சிக்கிக்கொள்வதாகவும், மேல்பூச்சு சீக்கிரம் துருப்பிடிப்பதாகவும் பரவலாகப் புகார் வந்தது. அதே நிறுவனத்தின் 887 மாதிரியில், 2013 டிசம்பர் முதல் 2014 நவம்பர் வரை செய்தவற்றைத் திரும்ப அழைத்தார்கள். ஊசி உள்ளே சிக்கி, தோட்டாவை ஏற்றும்போதே வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். ஊசி சிக்குவது என்ற ஒரே வகைக் குறை நஞ்சநாட்டில் வெடிக்காமல் போக வைத்தது, அங்கே கேட்காமல் வெடிக்க வைக்கக்கூடியதாக இருந்தது. அந்த நிறுவனம் 2018-லும் 2020-லும் திவால் மனு போட்டது.

பழைய துப்பாக்கி எல்லாம் தங்கம், புதியது எல்லாம் தகரம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பாவின் துப்பாக்கியைப் பெரியவர் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஒரே மேசையில் ஒருவர் அரத்தால் ராவி, உறுப்பில் விளக்குப் புகையைப் படியவிட்டு எங்கே உரசுகிறது என்று பார்த்து, மறுபடி ராவிப் பொருத்தியது. அவர் கைதான் பரிசோதகரும். இன்று உறுப்புகளை வார்க்கிறார்கள், கணினி இயந்திரத்தில் கடைகிறார்கள், உலோகத் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் அடித்துச் சூளையில் சுடுகிறார்கள். சூளையில் அந்த உறுப்பு 15-லிருந்து 20 சதவீதம் சுருங்கும். சூளை வெப்பம் கட்டுக்குள் இருந்தால் ஆயிரம் உறுப்பும் ஒன்றுபோல வரும், கை வேலையைவிடச் சீராகவே வரும். வெப்பம் தவறினால் அளவும் கடினமும் தவறும், அதைக் கண்டுபிடிக்க மேசையில் யாரும் இல்லை. அரம் பிடித்த கையை எடுத்தவர்கள், அந்தக் கை செய்த பரிசோதனையை வேறு எங்காவது வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு கடினச் சோதனை. மூடிய துப்பாக்கிக்கு மூன்று தட்டு. ஊசித் துளைக்கு ஒரு கழுவல். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகுமா?

பிறகு

அளவுகள், தகடுகள், படங்கள் எல்லாவற்றையும் வைத்து எழுதிக் கடை மூலம் தயாரித்தவர்களுக்கு அனுப்பினோம். முதல் பதிலில் தோட்டா ஈரம் என்றே வந்தது. வலது கொக்கியைப் பற்றி மட்டும் தனியாக இரண்டாவது கடிதம் எழுதினேன். அதன் பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கக் கொக்கியும் மாற்றி, இடது துளையைச் சரிசெய்து, புது ஊசி போட்டு அனுப்பினார்கள். பள்ளத்தின் ஆழத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதே நாளில் கடினம் ஏற்றிய மற்றக் கொக்கிகள் எத்தனை துப்பாக்கிக்குள் போயின என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லை. மூன்றாவது முறையும் கேட்டிருக்கிறேன்.

வந்த துப்பாக்கியைப் பெரியவர் முப்பது தட்டு தட்டினார். ஒன்றும் விழவில்லை. விசை இரண்டும் இரண்டு கிலோவை ஒட்டி. இடது குழலில் நாற்பது தகடு குத்தினோம், எல்லாம் 0.50-க்கு மேல், சிதறல் இல்லை. பிறகு அவருடைய ஒதுக்கீட்டில் 25 தோட்டா, ஒவ்வொன்றும் வலது குழல் வெடித்த பிறகு இடதில். 25-ம் வெடித்தன. இப்போது நூறு சதவீதம் சரியா என்று கேட்டார். அந்த 25-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால், ஒன்பதுக்கு ஒன்று தவறும் துப்பாக்கி இல்லை என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தகடுகளின் அளவுதான் எனக்குத் தெம்பு தருகிறது என்றேன். தலையாட்டினார்.

பீரோவில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, நேரம், பனியா மழையா, எந்தக் குழல், எந்தப் பெட்டித் தோட்டா. கையெழுத்து பையனுடையது. டார்ச்சோடு அவன் இப்போது அப்பாவுக்குப் பின்னால் நடக்கிறான்.